மூன்று கால் தேரையும் காணாமல் போன பையனும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு வாரமாக ஒரே படம் என் போனுக்கு வந்துகொண்டே இருக்கிறது. காசுக் குவியலின் மேல் உட்கார்ந்து, வாயில் ஒரு காசைக் கவ்விய மூன்று கால் தவளை. "வரைந்து பீரோவில் ஒட்டுங்கள், பணம் கொட்டும்" என்று கீழே ஒரு வரி. "சார், நீங்களே வரைந்து கொடுங்கள், உங்கள் கைராசி" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஓவிய வாத்தியார் என்பதால் மறுக்கவில்லை. ஆனால் அது பாதிப் படம். வரைந்தால் முழுதாகத்தான் வரைவேன்.

முதலில், அது தவளை இல்லை, தேரை. சீனர்கள் 'ஜின் சான்' என்பார்கள். பொன் தேரை என்று பொருள். சீனாவின் பழைய புத்தாண்டுப் படங்களில் அதோடு ஓர் ஆள் இருப்பார். பெயர் லியு ஹாய். நெற்றியில் முடி விழ, சிரித்த முகத்தோடு, கையில் காசுச் சரத்தை வீசி விளையாடும் இளைஞர். நெற்றி முடிக்கே சீன மொழியில் 'லியு ஹாய்' என்றுதான் பெயர்.

யார் இவர்? 10ஆம் நூற்றாண்டில் யான் நாட்டில் அமைச்சராக இருந்தவர் என்று மரபு சொல்கிறது. ஒருநாள் ஒரு துறவி வந்து, அவர் முன்னால் முட்டையும் காசுமாக மாற்றி மாற்றி அடுக்கினாராம். "ஐயோ, விழுந்துவிடுமே!" என்று அமைச்சர் பதறினார். "உன் பதவியை விடவா இது ஆபத்து?" என்றார் துறவி. லியு ஹாய் பதவியையும் சொத்தையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

தேரைக் கதை பின்னால் வந்து சேர்ந்தது. கிணற்றுக்குள் ஒளிந்திருந்த தேரைக்குக் காசு என்றால் உயிர். லியு ஹாய் காசுச் சரத்தைத் தூண்டில்போல இறக்கினார். தேரை பாய்ந்து கவ்வியது. மேலே இழுத்துவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், இந்தக் கதையில் காசைக் கவ்வியது யார்? மாட்டிக்கொண்டது யார்? காசை வைத்து விளையாடியவன் சுதந்திரமாக நிற்கிறான். காசுக்கு வாயைத் திறந்தது கயிற்றில் தொங்குகிறது. கடைக்காரர்கள் தூண்டில்காரனை வெட்டி எறிந்துவிட்டு, தூண்டிலில் சிக்கியதை நம்மிடம் விற்கிறார்கள். அதன் முகம் கதவைப் பார்க்கக் கூடாது, குளியலறைப் பக்கம் வைக்கக் கூடாது என்று சட்டம் வேறு!

"சீனர்களும் செல்வம் வேண்டித்தானே ஒட்டினார்கள்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். லியு ஹாயைச் செல்வம் தருபவராகவே மக்கள் கொண்டாடினார்கள். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அவர்கள் ஆளோடு சேர்த்து ஒட்டினார்கள். அந்தப் படத்தில் செல்வம் ஒரு மனிதன் கையில் இருக்கிறது. அவன் சிரிக்கிறான், வீசுகிறான். நம் பீரோவுக்கு வருவதில் மனிதனே இல்லை. வெறும் வாயும் காசும்.

என் பழைய மாணவர் ஒருவர், கடை வாடகை மூன்று மாதம் பாக்கி இருக்கும்போது, இந்தப் பொம்மையைக் காசு கொடுத்து வாங்கிக் கல்லாவில் வைத்திருக்கிறார். அந்தப் பணத்தில் வாடகையில் கொஞ்சம் அடைத்திருக்கலாம். கணக்கு நோட்டைத் திறந்து பார்க்கப் பயப்படுகிறவருக்குத்தான் இந்தத் தேரை விற்கப்படுகிறது. என் கோபம் அங்கேதான்.

சரி, வரையலாம். பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தேரைக்கு அகன்ற வாய், முதுகில் மருமருவாக முண்டுகள். முன்னால் இரண்டு கால், பின்னால் நடுவில் ஒரே கால். காசு வட்டமாக, நடுவில் சதுரத் துளையோடு இருக்கட்டும். அந்தத் துளையில் கயிறு கோத்துத்தான் அந்தக் காலத்தில் காசைச் சரமாக எடுத்துப் போனார்கள். ஆகவே கயிறு முக்கியம். கயிற்றின் ஒரு முனை தேரையின் வாய்ப்பக்கம், மறு முனை லியு ஹாயின் கையில். அந்தக் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வரைந்து முடித்தபின் பிள்ளைகளிடம் கதையைச் சொல்லுங்கள். "இதில் நீ யாராக இருக்க ஆசை?" என்று கேளுங்கள். எந்தக் குழந்தையும் தேரையைக் காட்டாது.

படத்தை எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள். திசை பார்க்க வேண்டாம்.