வேலியைத் தாண்டும் கண்கள்: "என் வீடு, என் கமெரா" என்ற வாதம் சட்டத்தின் முன் நிற்குமா?

வாகனத் தரிப்பிடம் தொடர்பாகவோ எல்லைவேலி தொடர்பாகவோ அயலவருடன் பிணக்கு ஏற்பட்டதும் கண்காணிப்புக் கமெரா ஒன்றை வாங்கி, அடுத்த வீட்டு வாசலை நோக்கித் திருப்பிவிடுவோர் பிரித்தானியாவில் பலர் உளர். தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. "என் வீடு, என் சுவர், என் கமெரா, கேட்பதற்கு எவருக்கு உரிமை உண்டு?" என்பதே இவர்களின் வாதம். நியாயம் போலத் தோன்றும் இவ்வாதம் அடிப்படையிலேயே தவறானது.

கமெரா யாருடைய சுவரில் உள்ளது என்பதன்று, அது எதைப் பதிவு செய்கின்றது என்பதே சட்டத்தின் கேள்வி. பதிவு சொந்த வளவுக்குள் அடங்கும்வரை அது குடும்பத்தின் தனிப்பட்ட அலுவல். தெருவையோ அயலவரின் தோட்டத்தையோ அது பதிவு செய்யத் தொடங்கியதும், 2018ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக்காரர் மீது கடமைகளைச் சுமத்துகின்றது. கமெரா இருப்பதை அறிவித்தல் பலகை மூலம் தெரியப்படுத்த வேண்டும். தேவைக்கு மேல் பதிவுகளை வைத்திருத்தல் ஆகாது. பதிவாகியவர் கோரினால், அவர் தொடர்பான பதிவை வழமையாக ஒரு மாதத்துக்குள் வழங்க வேண்டும்.

இது வெறும் ஏட்டுச் சட்டம் எனக் கருதுவோர் ஒக்ஸ்போர்ட் கவுண்டி நீதிமன்றம் 2021 ஒக்ரோபரில் வழங்கிய தீர்ப்பை வாசிக்க வேண்டும். வாகனத் திருட்டு முயற்சிக்குப் பின் ஒருவர் தன் வீட்டில் கமெராக்களையும் கமெரா பொருத்திய அழைப்பு மணியையும் நிறுவினார். அயலில் வசித்த பெண் வழக்குத் தொடுத்தார். அழைப்பு மணியின் காணொளி, வழியால் செல்பவரைத் தற்செயலாகவே பதிவு செய்வதால், அதனை நீதிமன்றம் தவறெனக் கொள்ளவில்லை. ஆனால் வளவுக்கு வெளியே நிகழும் உரையாடல்களைக் கூடப் பிடிக்கும் ஒலிப்பதிவு, காணொளியை விடவும் பாரதூரமானது என நீதிபதி கண்டார். தரவுப் பாதுகாப்புச் சட்ட மீறலுடன், 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான தொல்லைப்படுத்தலும் நிரூபணமாயிற்று. கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு ஏனைய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மையே. ஆயினும் சட்டம் செல்லும் திசையை அது ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகின்றது.

"இனவெறியர்களின் தொல்லைக்கு ஆளாகும் குடும்பம் ஆதாரத்திற்கு எங்கே செல்வது?" என்ற கேள்வி எழலாம். இது புறந்தள்ள முடியாத கேள்வி. இதற்கான விடை 2014 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலேயே உள்ளது. செக் குடியரசில் மீண்டும் மீண்டும் தாக்கப்பட்ட வீடு ஒன்றின் கமெரா, யன்னலை உடைத்த சந்தேகநபர்களை அடையாளம் காட்டியது. பொதுத் தெருவைப் பதிவு செய்ததால் அதற்குச் சட்டம் பொருந்தும் எனக் கூறிய அதே நீதிமன்றம், சொத்தையும் உயிரையும் காக்கும் நியாயமான நலனும் கருத்தில் கொள்ளப்படலாம் எனக் கூறியது. ஆகவே சட்டம் பாதிக்கப்பட்டவரின் கையைக் கட்டவில்லை. அளவு மீறாதே என்றே சொல்கின்றது.

சொந்தக் கதவில் விழும் கல்லைப் பதிவு செய்யச் சொந்தக் கதவை நோக்கும் கமெரா போதும். அயலவரின் குசினி யன்னல் எதற்கு? அவருடைய குழந்தைகள் விளையாடும் முற்றம் எதற்கு? அளவு மீறிய பதிவு, தொல்லை கொடுப்பவனின் கையிலேயே ஓர் ஆயுதத்தைக் கொடுக்கின்றது. முறைப்பாடு செய்ய வேண்டியவர் எதிராளியாகக் கூண்டில் நிற்க நேரிடும். வழக்குச் செலவும் அவர் தலையில் விழலாம்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. கமெராவைச் சொந்தப் படலைக்குத் திருப்புக. படத்தில் அயலவரின் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி பல கமெராக்களில் உண்டு, அதனைப் பயன்படுத்துக. ஒலிப்பதிவை நிறுத்துக. சம்பவம் நிகழ்ந்தால் திகதியையும் நேரத்தையும் குறித்து, அந்தப் பதிவைக் காவல்துறையிடம் ஒப்படைக்குக.

யாழ்ப்பாணத்தில் இரவோடிரவாக எல்லைக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டவரை ஊர் மன்னித்ததில்லை. கதியாலைத் தொடாமல் கமெராவை வேலிக்கு அப்பால் செலுத்துபவர் செய்வதும் அதே அத்துமீறலே. தன் வளவைக் காப்பது உரிமை. பிறர் வளவை வேவு பார்ப்பது உரிமையன்று.