எந்த மனுசன்?

'மனிதன் மண்ணைக் கெடுத்துவிட்டான்' என்று சூழலியல் கூட்டங்களில் பேசுகிறார்கள். எந்த மனுசன்னு நான் கேக்குறேன். நாகைக் கடலோரத்தில் நெல்வயலை வெட்டி, உப்புத்தண்ணி நிரப்பி, இறால் பண்ணை போட்டது பணமும் பட்டாவும் வச்சிருந்தவன். ஊறிய உப்பு பக்கத்து வயலையும் தின்றது. நடவும் அறுப்பும் போச்சு, குடிதண்ணி கரிச்சது. கூலியும் குடமும் காலியானது சேரியில்.

1996 டிசம்பர் 11-இல் உச்சநீதிமன்றம், அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்த பண்ணைகளை இடிக்கச் சொன்னது. 2005-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, பதிவுச் சான்று வாங்கிப் பண்ணை நடத்த வழி திறந்துவிட்டது. சேரியை யார் கேட்டார்கள்?

தோழர்களே, நட்டுப் பிழைப்பவள் கையில் அந்த நிலம் இருந்திருந்தால் அதில் உப்பை விட்டிருப்பாளா? மரக்கன்று அப்புறம் நடலாம். மொதல்ல நிலத்தைப் பிரிச்சுக் குடு.