கை பழகட்டும், கார்பன் காத்திருக்கட்டும்

கார்பனின் பெருமையைத் திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அன்றிலிருந்து ஊரில் பாதிப் பேருக்கு ராக்கெட்டோடு ஏதோ ஒரு வகையில் உறவு. 2024 ஏப்ரலில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் கார்பனில் செய்த ஒரு நாசில் கூம்பை அறிவித்தது. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டத்தில் உலோகக் கூம்புக்குப் பதிலாக இதை மாட்டினால் அந்தப் பாகத்தின் எடை 67 சதவீதம் குறையும். ராக்கெட் 15 கிலோ கூடுதலாகச் சுமக்கும்.

இப்படிப்பட்ட ஊரில், டேபிள் டென்னிஸ் கற்கும் பிள்ளையின் அப்பா 'கார்பன்' என்ற சொல்லைக் கேட்டதும் பர்ஸைத் திறப்பதில் வியப்பில்லை. பையன் பயிற்சியில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. அதற்குள் வீட்டில் விவாதம் ஆரம்பமாகிவிடும்: மரமா, கார்பனா? ராக்கெட்டுக்குச் சரியான விடை பத்து வயதுப் பிள்ளையின் கைக்கும் சரியாக இருக்குமா என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு தெளிவு. விளையாடுவோர் தங்களுக்கு வேண்டிய மட்டையைத் தனித்தனியாக வாங்கித்தான் சேர்க்கிறார்கள். ரப்பர் ஒட்டாத வெறும் கட்டைக்குப் பெயர் பிளேடு. அதன் இரு பக்கமும் ஸ்பாஞ்ச் வைத்த ரப்பரை ஒட்டினால் மட்டை தயார். மர பிளேடு என்றால் ஐந்து அல்லது ஏழு மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியது. கார்பன் பிளேடு என்றால் அந்தத் தகடுகளுக்கு நடுவே கார்பன் நாரால் நெய்த துணி இரண்டு அடுக்கு.

அதாவது, கார்பன் பிளேடு என்பதும் மர பிளேடுதான். உலக டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தின் விதி இதில் கறாரானது. மட்டை எந்த அளவிலும், எந்த வடிவத்திலும், எந்த எடையிலும் இருக்கலாம். ஆனால் கட்டையின் கனத்தில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும். இடையில் வைக்கும் நார் அடுக்கு ஒவ்வொன்றும் மொத்தக் கனத்தில் 7.5 சதவீதம் அல்லது 0.35 மில்லிமீட்டர், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்குவது, விரல் நகத்தின் கனத்துக்குக் கிட்டத்தட்ட இணையான ஒரு துணியைத்தான்.

அந்தத் துணி செய்யும் வேலை என்னவோ பெரியது. பந்து மட்டையில் தங்குவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்துக்குள் ரப்பர் அமுங்குகிறது, மரம் கொஞ்சம் வளைகிறது, பிறகு இரண்டும் பந்தைத் திருப்பி எறிகின்றன. கார்பன் இருந்தால் வளைவு குறையும், பந்து சீக்கிரம் கிளம்பும். நடுவில் படாமல் கொஞ்சம் ஓரத்தில் பட்டாலும் வேகம் அவ்வளவாகக் குறையாது. மேஜையை விட்டு நாலடி பின்வாங்கி நின்று டாப் ஸ்பின் அடிப்பவருக்கு இதெல்லாம் வரப்பிரசாதம்.

கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு இதே குணங்கள்தான் தொல்லை. வலையை ஒட்டிக் குட்டையாக வைக்க வேண்டிய பந்து எகிறி எதிராளிக்கு விருந்தாகும். முழு வீச்சில் அடித்த டாப் ஸ்பின் மேஜையைத் தாண்டிச் சுவரில் படும். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனதும் பிள்ளை தன்னை அறியாமலேயே வீச்சைச் சுருக்கிக்கொள்கிறது. முழங்கையும் இடுப்பும் திரும்ப வேண்டிய இடத்தில் மணிக்கட்டு மட்டும் அசைகிறது. பந்து மேஜையில் விழுகிறது, அப்பாவுக்குத் திருப்தி. ஆனால் அரைகுறை வீச்சு கையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பத்து வயதில் ஒட்டியதைப் பதினைந்து வயதில் உரித்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பது பயிற்சியாளர்களுக்குத் தெரியும்.

மரம் வேறு மாதிரி. தப்பாக அடித்தால் கையில் அதிர்வாகச் சொல்லும், காதில் சத்தமாகச் சொல்லும். பந்து தானாகப் பறக்காது. பிள்ளைதான் உடம்பைத் திருப்பி, காலை நகர்த்தி அடித்தாக வேண்டும். அந்தக் கட்டாயம்தான் பயிற்சி.

புதுக் கருவியைக் கண்டு மயங்குவது இந்த ஆட்டத்தில் புதிதும் அல்ல. அதன் மிகப் பெரிய அத்தியாயம் அரங்கேறியது நம் நாட்டிலேயே. 1952-ல் பம்பாயில் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தபோது ஜப்பானின் ஹிரோஜி சதோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு வந்தார். அதுவரை ஆட்டக்காரர்கள் பந்தின் 'டக், டக்' சத்தத்தை வைத்தே அதன் வேகத்தைக் கணித்துவந்தார்கள். சதோவின் மட்டையில் சத்தமே இல்லை. ஐரோப்பிய ஜாம்பவான்கள் திணற, ஒற்றையர் பட்டம் அவருக்குப் போனது. மட்டைதான் ஜெயித்தது என்று எல்லோரும் பேசினார்கள்.

பின்கதை அதைவிட முக்கியமானது. சதோ மறுபடி உலக ஒற்றையர் பட்டத்தைத் தொடவில்லை. ஸ்பாஞ்ச் மட்டும் நிலைத்தது. 1954-லும் 1956-லும் சாம்பியனான ஜப்பானியர் இச்சிரோ ஓகிமுரா, கடும் உடற்பயிற்சிக்கும் கால் வேகத்துக்கும் பேர்போனவர். 1959-ல் விதி வந்து ஸ்பாஞ்சின் கனத்துக்குக் கடிவாளம் போட்டது. இன்றும் ஸ்பாஞ்சும் ரப்பரும் பசையும் சேர்ந்து 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கருவி தரும் அதிர்ச்சி ஒரு போட்டிக்கு வரும். அப்புறம் எல்லோரிடமும் அதே கருவி வந்துவிடும். மிஞ்சுவது கையும் காலும்தான்.

கார்பன் கட்சியின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2000-ல் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. காற்றில் வேகம் குறைந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்ததும், ரப்பருக்கு உந்துவிசை கொடுத்த கரைப்பான் பசைக்குத் தடை வந்தது. 2014-ல் செல்லுலாய்டு பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்தது, சுழற்சி குறைந்தது. மூன்று தடவையும் ஆட்டம் வேகத்தைப் பறிகொடுத்தது. இழந்ததை மீட்க ஆட்டக்காரர்கள் திரும்பிய இடங்களில் ஒன்று பிளேடு. உலகின் முன்வரிசையில் இன்று நார் வைத்த பிளேடுகளே பெரும்பான்மை என்பதற்கு இதுதான் காரணம்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜெயித்த சீனாவின் ஜாங் ஜிகே கையில் இருந்தது பட்டர்ஃபிளை நிறுவனத்தின் விஸ்காரியா. கார்பனோடு ஆரிலேட் என்ற மிருதுவான நாரையும் சேர்த்து நெய்தது அது. ஆனால் அதற்கு முந்தைய ஒலிம்பிக்கில், 2008-ல், தங்கம் வென்ற மா லின் யசாகா நிறுவனத்தின் முழு மர பிளேடுக்குப் பேர்போனவர். நான்கு ஆண்டு இடைவெளியில் மரமும் ஜெயித்தது, கார்பனும் ஜெயித்தது. இருவருக்கும் பொதுவாக இருந்தது சீனப் பயிற்சிக்கூடத்தில் செலவிட்ட பால்யம்.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்ற மணிகா பத்ராவின் பேக்ஹேண்ட் பக்கம் இருப்பது நீளமான புள்ளிகள் கொண்ட ரப்பர். அது வேகம் கொடுக்காது. எதிராளியின் வேகத்தைக் குழப்பும். அவர் ஆட்டத்துக்கு அது பொருந்தியது. சந்தையில் எது வேகம் என்று பார்த்து வாங்கியிருந்தால் அந்த ரப்பர் பட்டியலிலேயே வந்திருக்காது.

திருவனந்தபுரத்துக்கென்று இன்னொரு விஷயமும் இருக்கிறது: ஈரக்காற்று. இரண்டு பருவமழையும் கடற்காற்றும் சேர்ந்த ஊரில் மரம் ஈரத்தை உறிஞ்சும், பந்தும் ரப்பரும் வழுக்கும், அடி மந்தமாகும். கார்பன் நார் ஈரத்தை உறிஞ்சாது என்பது உண்மை. ஆனால் அதைச் சுற்றியுள்ள 85 சதவீத மரம் உறிஞ்சுமே! ஆக, மழைக்காலத்துக்கு மருந்தாகக் கார்பன் வாங்குவது வீண். மட்டையை மூடிய உறையில் வைப்பது, ஸ்கூட்டர் பெட்டியில் வேகவிடாமல் இருப்பது, ஆட்டத்துக்கு இடையில் ரப்பரையும் பந்தையும் துடைப்பது ஆகியவை காசில்லாத வைத்தியம். இப்போது பசை தண்ணீர் கலந்தது என்பதால், ரப்பர் ஒட்டுமுன் கட்டைக்கு மெல்லிய வார்னிஷ் பூசுவதும் நல்லது. ரப்பரைப் பிரிக்கும்போது மேல்மரம் சிராய் சிராயாகப் பெயர்ந்து வராது.

பணக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். பேர்பெற்ற ஜப்பானியக் கார்பன் பிளேடு பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். நல்ல ஐந்தடுக்கு மர பிளேடு அதில் ஒரு பகுதிக்கே கிடைக்கும், பத்திரமாக வைத்தால் பல வருஷம் உழைக்கும். ரப்பர் அப்படியல்ல. தினமும் பயிற்சி செய்பவருக்குச் சில மாதங்களிலேயே பிடிப்பு போய்விடும். செத்துப்போன ரப்பர் ஒட்டிய கார்பன் மட்டையைவிட, புது ரப்பர் ஒட்டிய மர மட்டை பந்தை நன்றாகச் சுழற்றும். மிச்சமாகும் பணம் ரப்பருக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கும் போகட்டும்.

அப்படியானால் கார்பன் எப்போது? அடையாளங்கள் பிள்ளையின் ஆட்டத்திலேயே தெரியும். முழு வீச்சில் அடித்த டாப் ஸ்பின் பத்துக்கு எட்டு மேஜையில் விழ வேண்டும். குட்டைப் பந்து வலையை ஒட்டி அடங்க வேண்டும். அதற்குப் பிறகும் மேஜையை விட்டுத் தள்ளி நின்று அடிக்கும்போது பந்து எதிராளியைத் தாண்டவில்லை என்றால், அது மரத்தின் எல்லை. அப்போதும் ஒரே தாவலாகத் தாவ வேண்டியதில்லை. முதலில் ஏழடுக்கு மரம். அடுத்து, நார் அடுக்கை வெளித்தகட்டின் கீழே வைக்காமல் நடுமரத்தை ஒட்டி வைத்த வகை. மெதுவாகத் தொட்டால் அது மரம்போல நடந்துகொள்ளும். ஓங்கி அடித்தால்தான் கார்பன் விழிக்கும்.

ராக்கெட்டில் கார்பன் கூம்பைக் கடைசிக் கட்டத்தில்தான் பொருத்துகிறார்கள். கீழே மூன்று கட்டங்கள் ஒழுங்காக எரிந்தால்தான் அதற்கு வேலையே வரும்.