சூரைச்செடியின் கீழே



கர்மேல் பர்வதத்தில் ஜெபித்து வானத்து அக்கினியைக் கண்ட எலியா, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாவை வேண்டுகிறார் (1 இராஜாக்கள் 19). அவருக்கு விசுவாசம் இல்லையென்று சொல்லத் துணிபவர் யார்? தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் உறங்கவிட்டார். தூதன் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் காட்டினான். மறுபடியும் உறக்கம், மறுபடியும் உணவு. பேச்சு அதற்குப் பின்னரே. இறுதியில் எலிசா என்னும் துணையும் கிடைத்தது.

நம் சபைகளிலோ இந்த வரிசை பல வேளைகளில் தலைகீழாகிறது. மனஞ்சோர்ந்த சகோதரியிடம், "உறங்கினீர்களா, சாப்பிட்டீர்களா?" என்று கேட்குமுன்னே, "வேதம் வாசிக்கிறீர்களா?" என்று கேட்கிறோம். மனத்தை ஒருமுகப்படுத்தி வாசிக்க இயலாமையும் அந்த நோயின் அடையாளமே என்பதை அறியாதிருக்கிறோம்.

துக்கம் எல்லோருக்கும் வரும், போகும். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், சோகமோ எதிலும் நாட்டமின்மையோ நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டு, 'நான் ஒன்றுக்கும் உதவாதவன்' என்ற எண்ணம் அழுத்துமானால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வின்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் இதை அனுபவிக்கிறார். நூறு பேர் கூடும் ஆராதனையில் ஐந்து பேர்! ஊரையும் உறவையும் விட்டு நகரத்தில் குடியேறிய நம்மில் பலர், தொலைபேசியில் தாயிடம் "நன்றாயிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியே அழுகிறார்கள்.

மருத்துவரிடம் செல்வது அவிசுவாசம் அல்ல. தைராய்டு குறைவும் இவ்விதச் சோர்வைத் தரும். அதைப் பரிசோதனையே காட்டும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். ஆகவே, "ஜெபித்துவிட்டோம், இனி மாத்திரை வேண்டாம்" என்று யாருக்கும் ஆலோசனை கூறாதிருங்கள். திடீரென நிறுத்துவது தீங்கு விளைவிக்கும். உபவாச நாட்களிலும் மருத்துவரைக் கேளாமல் மாத்திரையைத் தவிர்க்கலாகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிலர் சோர்ந்திருந்த காலம் போய், நாள்கணக்கில் உறங்காமலும் களைப்பின்றி, ஓயாமல் பேசி, கைப்பணத்தை வாரியிறைத்து, பெரிய திட்டங்களை அறிவிப்பார்கள். இதை ஆவியின் நிறைவென்று எண்ணி மேடையேற்றிவிடாதீர்கள். இதுவும் சிகிச்சை பெறவேண்டிய நோயாக இருக்கலாம்.

ஒருவர் சாவைப்பற்றிப் பேசினால், "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் பிறப்பதில்லை. அவரைத் தனியே விடாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், அந்நிய பாஷை பேசும் ஊரில் இது பெரிய ஆறுதல்.

பிரியமானவர்களே, இந்த வாரம் ஆராதனைக்கு வராதவர் யாரென்று எண்ணிப்பாருங்கள். கண்டிக்க அல்ல, ஒரு வேளை உணவோடு அவர் வீட்டிற்குச் செல்லுங்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். அதன்பின் சேர்ந்து ஜெபியுங்கள். சூரைச்செடியின் கீழே தேவன் செய்ததும் இதுவே. அவர் கிருபை உங்களோடிருப்பதாக. ஆமென்.