வெள்ளைக் கரை போட்ட கற்பூரவள்ளி



முன் வாசலில் அழகுச் செடி, பின் வளவில் கறிக்குரிய செடி என்று பிரித்து வைப்பது நமது வழக்கம். பட்டணத்து வீடுகள் பலவற்றில் இன்று பின் வளவே கிடையாது. படிக்கட்டோரத்தில் ஒரு சாடி வைக்கத்தான் இடமுண்டு. அந்த ஒரு சாடியில், கண்ணுக்கும் நாவுக்கும் உதவும் செடியையே வைத்தால் என்ன? இலையோரத்தில் சேலைக்குக் கரை போட்டதுபோல் வெள்ளை ஓடும் கற்பூரவள்ளியைத்தான் சொல்கிறேன். சிங்களச் சகோதரிகள் கப்பரவல்லிய என்பார்கள்.

இதுவும் முழுப் பச்சைக் கற்பூரவள்ளியும் ஒரே இனம்தான். கார்வக்ரோல், தைமோல் என்னும் எண்ணெய்ப் பொருட்கள்தான் இதன் மணத்துக்குக் காரணம். இறைச்சி ஆணம் இறக்கும்போது இரண்டு இலையைப் பொடியாக அரிந்து போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம், காரமான மணம். கடலை மாவில் தோய்த்துப் பொரித்தால் பிள்ளைகள் விரும்பி உண்பார்கள்.

எங்கள் வீட்டுச் சாடியில் என் மனைவி இதை நட்டார். சில மாதங்களில் செடி செழித்தது, ஆனால் வெள்ளைக் கரை மறைந்து முழுவதும் பச்சையாகிவிட்டது. "நல்லாத்தானே பார்த்தேன்" என்று அவர் குறைப்பட்டார். செழிப்பைக் கண்டு மகிழ்ந்திருந்த எனக்கும் காரணம் பிறகுதான் விளங்கியது.

இலைக்கு உணவு தயாரிப்பது பச்சையம். வெள்ளைப் பகுதியில் அது இல்லை. பச்சைப் பகுதி உழைத்துத்தான் வெள்ளைப் பகுதியையும் போஷிக்கிறது. ஆகவே கரை போட்ட கொப்பு மெதுவாகவே வளரும். இடையில் முழுப் பச்சையாய் ஒரு கொப்பு கிளம்பினால், அது வேகமாக வளர்ந்து மற்றதை மூடிவிடும். நாங்கள் வெட்டாமல் விட்டது அந்தக் கொப்பைத்தான்.

எனவே முழுப் பச்சைக் கொப்பைக் கண்டவுடன் அடியோடு நறுக்கிச் சமையலுக்கு எடுங்கள். முழு வெள்ளைக் கொப்பைத் தனியே நட வேண்டாம், அது பிழைக்காது. இரு நிறமும் உள்ள கொப்பை 4 அங்குலம் வெட்டி, கீழ் இலைகளைக் கழித்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். காலை வெயில் போதும், உச்சி வெயிலில் வெள்ளை ஓரம் கருகும். மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். சாடியில் நீர் தேங்கினால் தண்டு அழுகிவிடும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். வெள்ளையும் பச்சையும் கலந்த இலையெல்லாம் உண்ணத்தக்கதல்ல. வரி போட்ட அழகுத் தாழை றம்பையைப்போல் தோன்றும், றம்பையின் மணம் அதில் இராது. பல வீடுகளில் அழகுக்கு நிற்கும் டிஃபென்பேக்கியாவின் பெரிய புள்ளியிலையை ஒரு குழந்தை கடித்தால் வாயும் நாவும் எரிந்து வீங்கும். சமையற் செடியையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். பெயர் தெரியாத இலையைச் சட்டியில் போடாதீர்கள். சமைத்துப் பழகிய ஒருவரிடம் கேட்டுக் கொப்பு வாங்குங்கள்.

உங்கள் செடி தழைத்ததும், இன்ஷா அல்லாஹ், பக்கத்து வீட்டாருக்கும் ஒரு கொப்பு ஒடித்துக் கொடுங்கள். கொடுக்கும்போது, பச்சைக் கொப்பை வெட்டிவிடும்படி சொல்லியும் கொடுங்கள்.