துண்டுப்பிரசுரம் சுமப்போரா சுகாதாரத் தலைவர்?

மக்களுக்குச் சுகாதார அறிவு போதாது என்ற கூற்று நம் நாட்டு அதிகாரிகளின் நாவில் நெடுங்காலமாகப் புரண்டு வருகிறது. டெங்கு பரவினால் மக்கள் அறிவீனர். நீரிழிவு பெருகினால் மக்கள் அறிவீனர். கருவுற்ற தாய் கிளினிக்குக்குப் பிந்தி வந்தால் அப்பொழுதும் மக்களே அறிவீனர். ஊர்வாசிகளைச் சமூக சுகாதாரத் தலைவர்களாகப் பயிற்றுவிக்கும் திட்டங்களிற் பெரும்பாலானவை இந்தக் கூற்றின் வயிற்றிற் பிறந்தவையே. ஒரு மண்டபம், ஒரு பதாகை, மதிய உணவு, ஈற்றில் ஒரு சான்றிதழ். சான்றிதழ் பெற்றவர் மறுநாள் முதல் துண்டுப்பிரசுரம் சுமந்து வீடு வீடாகச் செல்கிறார். இவரைத் தலைவர் என்றழைப்பது அச்சொல்லுக்கே இழைக்கும் அநீதியாகும்.

கிராமச் சுகாதாரப் பணியாளர் அதிகாரத்தின் ஏவலாளரா, மக்களின் விடுதலையாளரா என்ற வினாவை டேவிட் வேர்னர் 1977ஆம் ஆண்டிலேயே எழுப்பினார். மறு ஆண்டு அல்மா-ஆட்டாவில் கூடிய நாடுகள், தம் சுகாதாரத்தைத் திட்டமிடுவதிற் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று பிரகடனஞ் செய்தன. திட்டமிடுவதில் என்பதே ஈண்டு கருதத்தக்கது. திட்டத்தை எங்கோ வகுத்துவிட்டு, அதனை ஊருக்குள் எடுத்துச் செல்ல ஆள் பிடிப்பது பங்கேற்பாகாது.

இதற்குக் கல்முனைக் கரையோரம் கொடுத்த விலையை நாம் மறந்திருக்க முடியாது. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி இறுதி வரை, கொவிட் தொற்றினால் இறந்தோர் அனைவரின் உடல்களும் தகனஞ் செய்யப்படல் வேண்டுமென்பது இந்நாட்டின் விதியாயிருந்தது. அடக்கம், தகனம் இரண்டையும் உலகச் சுகாதார நிறுவனம் அனுமதித்திருந்தும், ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. இறந்தால் எரிப்பார்கள் என்ற அச்சம் நோயைவிடப் பெரிதாயிற்று. காய்ச்சல் கண்டவர் சோதனைக்கு வரத் தயங்கினர். வைத்தியசாலை வாயிலையே அஞ்சினர். 2020 டிசெம்பர் இறுதியிற் கல்முனையின் ஒரு பகுதி தனிமைப்படுத்தப்பட்ட வேளையில், அவ்வச்சம் ஒவ்வோர் ஒழுங்கையிலும் குடிகொண்டிருந்தது. தயங்கியவரை அறிவீனர் என்று எவர் சொல்லத் துணிவார்? அவர்கள் அறிந்திருந்தமையாலேயே அஞ்சினர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தமை, பிழை எவர் பக்கம் இருந்தது என்பதைக் காட்டும்.

அக்காலத்தில் ஊருக்குத் தேவைப்பட்டவர் யார்? கை கழுவுங்கள் என்று சொல்ல வானொலி இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது. இந்த விதி நோயை மறைக்கத் தூண்டுகிறது, இதனாற் தொற்று மேலும் பரவும் என்று ஒழுங்கையின் நிலையைச் சான்றுடன் திரட்டிச் சுகாதார வைத்திய அதிகாரியிடமும், அவர் வாயிலாகக் கொழும்பிடமும் எடுத்துரைக்கும் தகுதியும் துணிவும் அங்கீகாரமும் பெற்ற ஊர்வாசி எவரும் இருக்கவில்லை. அரசியல்வாதிகளும் உலமாக்களும் பேசினர். அது சமயக் கோரிக்கையாகவே கொள்ளப்பட்டது. அதே நியாயத்தைப் பொதுச் சுகாதாரத்தின் மொழியில் ஊர் பேசியிருக்க வேண்டும்.

கல்முனையில் ஆதார வைத்தியசாலைகள் இரண்டு உள. ஒரே நகரில் இரண்டு ஏன் என்ற இன அரசியலை ஆராய இது இடமன்று. கட்டடத்துக்கும் பதாகைக்கும் போராடத் தெரிந்த நாம், அக்கட்டடத்துள் நடப்பதை வினவும் மனிதரை உருவாக்க மறந்தோம் என்பதை மட்டும் குறித்துச் செல்கிறேன்.

‘தொண்டர் போதுமே, கூலி எதற்கு?’ என்பார் உளர். இந்நாட்டில் 1970களிலும் 80களிலும் பல்லாயிரம் சுகாதாரத் தொண்டர்கள் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த யுவதிகள். வேலை கிடைத்ததும், மணமானதும் விலகினர். அது அவர்தம் குற்றமன்று. ஏழைப் பெண்ணின் உழைப்பை இலவசமாகக் கொள்ளலாம் என்று எண்ணியவர் குற்றம். இந்தியாவின் ஆஷாப் பணியாளரும் ஊழியராகக் கொள்ளப்படாது ஊக்கத்தொகையுடனேயே நிறுத்தப்பட்டனர். 2025இற் கேரளத் தலைமைச் செயலகத்தின் முன் அவர்கள் மாதக்கணக்கிற் போராடியதை யாவரும் அறிவர்.

ஆயினும் ஆஷாத் திட்டத்திலிருந்து நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. 2005இல் அதனை வகுத்தோர், மணமாகி அவ்வூரிலேயே வாழும் பெண்ணை, அதாவது பெரும்பாலும் மருமகளையே, தெரிவு செய்யப் பணித்தனர். அங்கே மகள் மணமாகிப் பிறவூர் செல்வாள். நம் கரையோரத்தில் நிலைமை நேர்மாறு. முஸ்லிம்களிடையேயும் அயலவரான தமிழரிடையேயும் வீடு மகளுக்குச் சீதனமாகிறது. மாப்பிள்ளையே பெண்வீட்டுக்கு வருகிறார். தாயும், அவள் பெண்மக்களும், உம்மாவின் சகோதரிமாரும் ஒரே வளவிலும் ஒழுங்கையிலும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஆகவே இங்கு பயிற்றப்படும் பெண் பிறந்த ஒழுங்கையிலேயே மூப்படைவாள். எந்த வீட்டில் எவருக்குச் சீனி வருத்தம், எந்தக் கிணற்றருகே எவருடைய மலசலகூடக் குழி என்பதை அவள் எந்தக் கணக்கெடுப்பாளரையும்விட நன்கறிவாள். சுமார் 3000 பேருக்கு ஒருவர் என்ற நியமத்தில் உழைக்கும் குடும்பநல மாதுக்கு இவளைவிடச் சிறந்த துணை கிட்டாது.

இவளை எவர் தெரிவு செய்வது என்பதிலேயே சிக்கல் உளது. பட்டியல் பாராளுமன்ற உறுப்பினரின் பணிமனையில் எழுதப்பட்டால் அவள் கட்சித் தொண்டாவாள். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை எழுதினாலோ, ஆண்கள் மட்டுமே அமரும் சபை பெண்களின் குரலைத் தெரிவு செய்ததாகும். பள்ளிவாசல் இடந்தரட்டும், அறிவித்தல் செய்யட்டும். தெரிவு அந்த ஒழுங்கைப் பெண்களுடையதாயிருத்தல் வேண்டும். விலக்கும் உரிமையும் அவர்களுடையதே. மாதாந்தக் கொடுப்பனவை அரசு வழங்குதல் வேண்டும்.

பயிற்சியின் பாடங்களும் மாறவேண்டும். குருதி அழுத்தம் அளக்கவும், டெங்கு நுளம்பின் குடம்பியை இனங்காணவும் சில வாரங்களிற் கற்றுக்கொடுத்துவிடலாம். எஞ்சிய காலம் வினவுவதைக் கற்பதற்குரியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பகிரங்க அதிகார சபையொன்று விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுள் தன் தீர்மானத்தை அறிவித்தாக வேண்டும். எங்கள் பிரிவிற் குடும்பநல மாதுப் பதவி எத்தனை மாதமாக வெற்றிடம்? எங்கள் கிணற்று நீர் இறுதியாக எப்பொழுது பரிசோதிக்கப்பட்டது, பெறுபேறு என்ன? கிளினிக்கில் நீரிழிவு மாத்திரை இல்லாதிருந்த நாட்கள் எத்தனை? முதல் வாரப் பயிற்சி முடியுமுன்னரே ஒவ்வொருத்தியும் இத்தகைய விண்ணப்பம் ஒன்றைத் தன் கைப்பட எழுதிக் கையளித்திருத்தல் வேண்டும்.