தலைக்கு மட்டுமா அவுரி?

நரைக்குப் பூசுகிற பொடியாகத்தான் இன்றைக்கு நமக்கு அவுரியைத் தெரியும். மருதாணி ஒரு பாக்கெட், அவுரி ஒரு பாக்கெட். இடுப்பளவு வளரும் இந்தச் செடியின் நீலத்தில் தோய்ந்த புதுச்சேரித் துணி 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி செனகல் வரை போனது. அங்கே பிசின் வியாபாரத்தில் அதுவே பணம். பச்சை இலையில் நீலம் தெரியாது. தொட்டியில் ஊறவைத்து, வடித்த தண்ணீரைக் காலால் உதைத்துக் கலக்கினால், காற்றுப்பட்டு நீலம் திரண்டு அடியில் படியும். நாற்றம்தான் ஊரைக் கூட்டும். 1897-இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. ஆனாலும் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் விவசாயிகள் அவுரியைத் திரும்பிப் பார்க்கலாம் என்பேன். நெல்லை விடச் சொல்லவில்லை. பாகூரில் அப்படிச் சொல்லிவிட்டு முழுதாக வீடு திரும்ப முடியாது. சும்மா கிடக்கும் மேட்டுக் கொல்லை போதும். விதைத்தோல் கெட்டி, மணலோடு தேய்த்து விதைக்க வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. மூன்று மாதத்தில், பூவெடுக்கும் சமயம் அறுத்தால் கட்டை மறுபடி தழைக்கும். வேர்முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து தரும். சாயம் எடுத்த சக்கையும் வயலுக்கே எரு. ஒன்று மட்டும்: இலையை வாங்க ஆள் இருக்கிறாரா என்று திண்டிவனம் பக்கம் விசாரித்துவிட்டு விதை வாங்குங்கள்.